பிரீசெட்டைக் கழற்றிப் பாருங்கள்: மென்பொருள் சின்த் பழகத் தொடங்குகிறவர்களுக்கு

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கீபோர்ட் வாசிக்கிற பிள்ளைகளுக்குக் குறைவே இல்லை. தேவாலயப் பாடற்குழு, கோயில் திருவிழா மேடை, கலியாண வீட்டு இசைக்குழு என்று எங்கே போனாலும் ஓர் ஓர்கன் இருக்கும், அதற்குப் பின்னால் ஓ/எல் படிக்கிற வயதில் யாராவது நிற்பார்கள். வொய்ஸ் பொத்தானை அழுத்தி எண்ணைத் தட்டினால் வயலின். வேறு எண்ணைத் தட்டினால் புல்லாங்குழல். அந்த எண்களுக்குப் பின்னால் இருப்பவை எல்லாம் செய்த கம்பனியே ஏற்கனவே அமைத்து வைத்த ஒலிகள். பிரீசெட் என்பது அதுதான்.

அதே பிள்ளை லப்டொப்பில் ஒரு மென்பொருள் சின்த்தை, அதாவது கணினிக்குள்ளேயே ஒலிகளை உருவாக்கும் சின்தசைசரைப் பதிந்து திறந்ததும் திகைத்துப் போகிறது. திரை நிறையக் குமிழ்கள், அலைகள், அம்புக்குறிகள். யாரிடமாவது கேட்டால் இரண்டு விதமான அறிவுரை கிடைக்கும். "பிரீசெட் பாவிக்கிறது சோம்பேறி வேலை, எல்லாவற்றையும் பூச்சியத்திலிருந்து செய்" என்பார் ஒருவர். "இந்தப் பெக்கை எடு, ஆயிரம் சவுண்ட் இருக்கு" என்று பென் டிரைவை நீட்டுவார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி. சின்த்தோடு கூடவே வருகிற பிரீசெட்டுகளை வைத்துத்தான் பழக வேண்டும். ஆனால் வாசித்துப் பார்ப்பதோடு நின்றால் பயனில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

முதலில் ஒன்றே ஒன்று

ஒரு சின்த்தை மட்டும் பதியுங்கள். இலவசமாகக் கிடைப்பவற்றில் இரண்டை நம்பிக்கையோடு சொல்லலாம். ஒன்று வைட்டல், 2020இல் வெளிவந்தது. அதன் இலவசப் பதிப்பில் 75 பிரீசெட் இருக்கிறது. குறைவு என்று தோன்றும், பழகுகிறவருக்கோ அதுதான் வசதி. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து முடிக்கலாம். மற்றது சர்ஜ் எக்ஸ்டி. வணிக மென்பொருளாக இருந்த சர்ஜ் 2018இல் திறந்த மூல மென்பொருளாக மாறியது, அதன் இன்றைய வடிவம் இது. இதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒலிகள் உண்டு, வகை பிரித்து அடுக்கியிருப்பார்கள். வைட்டல் திரையில் அலைகளை ஓடவிட்டுக் காட்டுவதால் என்ன நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். பழைய லப்டொப்பில் அந்தப் படக்காட்சியே பாரமாகிவிடுவதும் உண்டு. அப்படித் திணறினால் சர்ஜுக்கு மாறுங்கள்.

காசு கொடுத்து வாங்க வேண்டிய சின்த்தை உடைத்த பதிப்பாகக் கை மாற்றிக் கொடுப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இலவசமாகவே இவ்வளவு தரமானவை இருக்கும்போது வைரஸை வலிய அழைத்து வீட்டுக்குள் விடத் தேவையில்லை.

இரண்டு சின்த்தும் தனியாகவே திறக்கும். ஆகவே தொடக்கத்தில் ரெக்கோர்டிங் மென்பொருள்கூடத் தேவையில்லை. புதுக் கீபோர்ட் வாங்க வேண்டும் என்றும் இல்லை. வீட்டில் இருக்கிற ஓர்கனின் பின்பக்கம் சதுரமான யூஎஸ்பி துளை ஒன்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பிரின்டருக்குப் பாவிக்கிற அதே கேபிள் போதும். ஓர்கனின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு லப்டொப்பின் ஒலியை ஹெட்போனில் கேளுங்கள். வயர் உள்ள ஹெட்போனாக இருக்கட்டும். புளூடூத் என்றால் கட்டையை அமத்தி நன்றாகப் பிந்தித்தான் சத்தம் வரும், எந்த அமைப்பை மாற்றியும் அதைச் சரிசெய்ய முடியாது.

வயர் போட்டும் பிந்தினால், ஒலி அமைப்புகளில் பஃபர் அளவைப் பாருங்கள். கணினி ஒரு தடவையில் தயார் செய்து அனுப்புகிற ஒலித் துண்டின் அளவு அது. 44,100 சாம்பிள் வேகத்தில் 256 என்று வைத்தால் பிந்துவது சுமார் 6 மில்லி செக்கன், 512 என்றால் 12 அளவில். 256 வாசிக்க வசதியானது. அதில் சத்தம் வெடித்து வெடித்து வந்தால் 512க்குப் போங்கள்.

பிரீசெட் எங்கிருந்து வந்தது

சுருக்கமாக ஒரு வரலாறு. 1970இல் வந்த மினிமூக் சின்த்தில் நினைவகம் கிடையாது. நல்ல ஒலி ஒன்று அமைந்துவிட்டால் குமிழ்கள் நிற்கிற நிலையைத் தாளில் குறித்து வைப்பார்கள். மேடையில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் கையால் திருப்பி அமைக்க வேண்டும். 1978இல் வந்த புரொஃபெட் 5 அந்தத் தலையிடியைத் தீர்த்தது: 40 ஒலிகளை அதில் சேமித்து ஒரு பொத்தானில் அழைக்கலாம். 1983இல் யமஹா டிஎக்ஸ்7 வந்தது. அதை உள்ளே போய் மாற்றியமைப்பது கடினம் என்பதால் பெரும்பாலானோர் கம்பனி வைத்த 32 ஒலிகளையே பாவித்தார்கள். எண்பதுகளின் பாடல்களில் கண்ணாடி தட்டுவது மாதிரிக் கேட்கிற அந்த எலக்ட்ரிக் பியானோ பல நாடுகளிலும் ஒரே மாதிரி ஒலிப்பதற்குக் காரணம் அதுதான். ஆக, பிரீசெட் பாவிப்பது இன்றைய பிள்ளைகள் கண்டுபிடித்த குறுக்குவழி அல்ல. பெயர்பெற்ற ஒலிப்பதிவுகளில் எத்தனையோ அப்படியே எடுத்த பிரீசெட்தான்.

கேட்பதற்கு ஒரு முறை

புதியவர்கள் பிரீசெட்டுகளைப் பார்க்கிற விதம் இது: நடுவில் ஒரு கட்டையை அமத்துவது, "ஆகா" அல்லது "ம்ஹூம்" சொல்வது, அடுத்ததுக்குத் தாவுவது. அரை மணி நேரத்தில் காது களைத்துவிடும். அதன்பிறகு எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

மாறாக, நன்றாகத் தெரிந்த இரண்டு வரி மெட்டு ஒன்றைத் தெரிவு செய்து எல்லாப் பிரீசெட்டிலும் அதையே வாசியுங்கள். கீழ்ச் சுருதியில் ஒருமுறை, மேல் சுருதியில் ஒருமுறை. மெதுவாக அமத்தியும் ஓங்கி அமத்தியும் பாருங்கள். பல பிரீசெட்டுகள் விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப நிறம் மாறும். ஒரு கட்டையைப் பிடித்தபடியே பத்து செக்கன் இருங்கள். சில ஒலிகள் அதற்குப் பிறகுதான் அசையத் தொடங்கும். கட்டைகளுக்குப் பக்கத்தில் மொட்யுலேஷன் சக்கரம் இருந்தால் அதையும் உருட்டிப் பாருங்கள். ஒலியை அமைத்தவர் அங்கே எதையாவது ஒளித்து வைத்திருப்பார்.

சத்தத்தின் அளவையும் கவனியுங்கள். உரத்துக் கேட்பது எதுவும் நன்றாக இருப்பது போலத்தான் தோன்றும். இரண்டு ஒலிகளை ஒப்பிடும்போது உரத்ததைக் குறைத்து இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டு முடிவெடுங்கள்.

வகைகளின் பெயரும் ஒரு பாடம். பேஸ் என்றால் அடித்தளம், லீட் என்றால் மெட்டை ஏந்துவது, பேட் என்றால் பின்னால் விரிந்து நிற்பது, ப்ளக் என்றால் சுண்டியதும் தேய்ந்து போவது. ஒவ்வொரு வகையிலும் பிடித்த மூன்றைக் குறித்து வைத்தால் பழகுவதற்கு அது தாராளம்.

மக்ரோக் குமிழ்கள்

வைட்டலில் நான்கு, சர்ஜில் எட்டு மக்ரோக் குமிழ்கள் இருக்கும். அந்த ஒலியில் எதையெல்லாம் மாற்றினால் சுவை கூடும் என்று அமைத்தவர் யோசித்துக் கட்டி வைத்தவை அவை. ஒன்றைத் திருப்பினால் உள்ளே பல குமிழ்கள் சேர்ந்து நகரும். மேடையில் வாசிக்கிறவருக்கு உடனடியாக உதவுவதும் இவைதான். சரி, இவற்றைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை, திருப்பிப் பாருங்கள்.

கழற்றும் வேலை

உண்மையான படிப்பு இங்கேதான். ஒரு பேட் வகைப் பிரீசெட்டைத் திறந்து, சா–பா இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அடியில் இருக்கிற ஒழுங்கில் ஒவ்வொன்றாக நிறுத்துங்கள்.

முதலில் எஃபெக்டுகள். வைட்டலில் அதற்கென்று தனிப் பக்கம் இருக்கிறது; கோரஸ், டிலே, ரிவேர்ப் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பொத்தான். சர்ஜில் எல்லா எஃபெக்டுகளையும் ஒரேயடியாக நிறுத்தும் பைபாஸ் இருக்கிறது. நிறுத்தியதும் பெரும்பாலான பேட்டுகள் சூம்பிப் போகும். "இவ்வளவுதானா?" என்று இருக்கும். அந்த ஏமாற்றம் நல்லது. நீங்கள் மயங்கியதில் எவ்வளவு பங்கு ரிவேர்ப்புக்குச் சேர வேண்டியது என்று தெரிந்துவிட்டது. ஒரு எஃபெக்டை மட்டும் திரும்பப் போட்டு, கேட்டு, நிறுத்தி, அடுத்ததைப் போடுங்கள். கோரஸ் ஒலியை அகலமாக்கும், டிலே திருப்பிச் சொல்லும், ரிவேர்ப் ஒரு மண்டபத்துக்குள் கொண்டுபோய் வைக்கும். விளக்கக் காணொளி எதுவும் பார்க்காமலே இந்த மூன்றும் காதில் பதிந்துவிடும்.

இரண்டாவது ஒஸ்சிலேட்டர்கள். ஒலி பிறக்கிற இடம் அது. இரண்டு மூன்று இருந்தால் ஒவ்வொன்றையும் தனியாகக் கேளுங்கள். வைட்டலில் ஒவ்வொன்றுக்கும் நிறுத்தும் பொத்தான் இருக்கும், சர்ஜின் மிக்சரில் தனியாகக் கேட்கும் பொத்தானும் இருக்கும். ஒன்று ஸ்தாயி கீழே நின்று கனம் கொடுக்கும். இன்னொன்று வெறும் காற்று இரைச்சல் மாதிரி இருக்கும், தனியாகக் கேட்டால் எதற்கு இது என்று தோன்றும், எடுத்துவிட்டால் ஒலியின் உயிரே போய்விடும்.

இங்கேயே யூனிசன் என்ற எண்ணையும் பாருங்கள். ஒரே அலையைப் பல பிரதிகளாக்கிக் கொஞ்சம் கொஞ்சம் சுருதி விலக்கி வைப்பது அது. எத்தனை பிரதி என்று யூனிசன் சொல்லும், எவ்வளவு விலகல் என்று டிட்யூன் சொல்லும். லப்டொப் கொதிப்பதற்கும் விசிறி அலறுவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். இரண்டு ஒஸ்சிலேட்டர், ஒவ்வொன்றிலும் 7 பிரதி, நீங்கள் அமத்துவது 6 கட்டை என்றால், 84 அலைகளை ஒரே நேரத்தில் கணக்கிட வேண்டும். 7ஐ 3 ஆக்கினால் 36. காதுக்கு வித்தியாசம் சிறிது, கணினிக்கோ பெரிய நிம்மதி.

மூன்றாவது ஃபில்டர். கட்ஓஃப் குமிழை முழுக்கத் திறந்து பாருங்கள், பிறகு மெல்ல மூடுங்கள். மேலே உள்ள கூர்மை ஒவ்வொரு படியாக விலகிக் கடைசியில் சுவருக்கு அப்பால் பாட்டுக் கேட்பது போலாகும். ரெசொனன்ஸைக் கூட்டிவிட்டு அதையே செய்தால் கட்ஓஃப் நிற்கிற இடத்தில் ஒரு விசில் எழும்.

நான்காவது என்வலப். ஒலி எழும்பி (அட்டாக்), இறங்கி (டிகே), நின்று (சஸ்டெயின்), அடங்குகிற (ரிலீஸ்) நான்கு கட்டங்கள். வைட்டலில் முதலாவது என்வலப் எப்போதும் சத்தத்தை ஆள்வது. பேட்டில் அட்டாக் அரைச் செக்கனோ ஒரு செக்கனோ இருக்கும். அதைப் பூச்சியத்துக்கு இறக்குங்கள், சஸ்டெயினையும் இறக்கி டிகேயைக் குறையுங்கள். அதே அலைகள்தான், ஆனால் பேட் இப்போது ப்ளக் ஆகிவிட்டது. வகைக்கு வகை இருக்கிற வித்தியாசத்தில் பாதிக்கு மேல் இந்த நான்கு எண்களுக்குள்தான் இருக்கிறது என்பது இந்தப் பயிற்சியில்தான் பிடிபடும்.

கடைசியாக எல்எஃப்ஓ. காதுக்குக் கேட்காமல் மெதுவாக ஆடி மற்றக் குமிழ்களை அசைக்கிற அலை அது. நீங்கள் கையை எடுத்த பிறகும் எந்தக் குமிழ் தானாக ஆடுகிறதோ, அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் எல்எஃப்ஓ இருக்கும். எது எதை ஆட்டுகிறது என்ற பட்டியல் வைட்டலில் மேட்ரிக்ஸ் பக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வரியாக நிறுத்திக் கேளுங்கள்.

ஒரு பேட், ஒரு பேஸ், ஒரு லீட், ஒரு ப்ளக். இந்த நான்கையும் இப்படிக் கழற்றினால் திரையில் இருக்கிற குமிழ்களில் அநேகமானவை அந்நியமாக இராது.

நம் பாட்டுக்கு ஏற்ப மாற்றுவது

கம்பனிப் பிரீசெட்டுகள் தனியாக வாசித்தால் மயக்க வேண்டும் என்று செய்யப்பட்டவை, கடைக் கண்ணாடிக்குள் விரித்துத் தொங்கவிட்ட சேலை மாதிரி. பாட்டுக்குள் வந்ததும் அந்த விரிவே இடைஞ்சல். வைகாசிக் குளிர்த்திக்கு ஓர் அம்மன் பாட்டு ஒலிப்பதிவு செய்கிறீர்கள் என்று வையுங்கள். பாடகரின் குரலும் உடுக்கும்தான் அங்கே பிரதானம். பெரிய பேட் ஒன்றை அப்படியே பின்னால் வைத்தால் உடுக்கின் கொஞ்சலை ரிவேர்ப் விழுங்கிவிடும். பிரீசெட்டில் உள்ள ரிவேர்ப்பை நிறுத்துங்கள், எல்லாக் கருவிக்கும் பொதுவாக ஒரே ரிவேர்ப்பை ரெக்கோர்டிங் மென்பொருளில் போடுங்கள். ஒலியின் தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற ஈகியூவில் பேட்டின் 150 முதல் 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். கூத்துப் பாட்டில் மத்தளத்தோடு வைத்தாலும் இதே வேலைதான். அதன் அடித்தொனிக்கு இடம் விட வேண்டும்.

சுருதிக்குப் பின்னணியாகச் சின்த்தை வைப்பவர்கள் டிட்யூனைக் கட்டாயம் பூச்சியம் ஆக்குங்கள். யூனிசனால் பரந்து கேட்கிற பேட்டில் சா எது என்று ஒரு புள்ளியில் நிற்காது. பாடுகிறவர் எதைப் பிடிப்பது? எல்எஃப்ஓ சுருதியை அசைக்கிறதா என்றும் பார்த்து நிறுத்துங்கள்.

லீட் பிரீசெட்டில் கமகம் வாசிக்க ஆசைப்பட்டால் மூன்று மாற்றங்கள். வொய்ஸ் எண்ணிக்கையை (ஒரே நேரத்தில் ஒலிக்கிற சுரங்களின் எண்ணிக்கை) 1 ஆக்குங்கள், சுரங்களை இடைவெளியில்லாமல் இணைக்கிற லெகாட்டோவைப் போடுங்கள், கிளைடைச் சிறிதளவு கூட்டுங்கள். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்கிப் போகும். சுருதியை வளைக்கிற பிட்ச் பென்ட் சக்கரத்தின் எல்லை வழக்கமாக 2 அரைச்சுரம் என்று இருக்கும், அதுவே போதும். 12க்கு ஏற்றினால் விரலுக்கு அடங்காது. ஆனால் நாதஸ்வரமே வேண்டும் என்று பிரீசெட் பட்டியலில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அது இந்த வகைச் சின்த்தின் வேலை இல்லை, வாசிக்கிறவரைக் கூப்பிட்டு ஒலிப்பதிவு செய்வதுதான் மரியாதை.

சுருதியில் ஆழமாகப் போக விரும்புகிறவர்களுக்கு ஒரு செய்தி. சர்ஜும் வைட்டலும் சமமாகப் பிரித்த 12 சுரங்களுக்கு வெளியே, ஸ்காலா கோப்பாக வேறு சுருதி அமைப்புகளையும் ஏற்கும். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் பழந்தமிழ் யாழின் சுருதிகளைக் கணக்கிட்டு ஆராய்ந்தவர். அந்த விகிதங்களைக் கோப்பாக எழுதி ஒரு ப்ளக் பிரீசெட்டில் ஏற்றி மீட்டிப் பார்ப்பது, கல்லடியில் அழகியல் படிக்கிற மாணவர்கள் யாராவது எடுத்துச் செய்யக்கூடிய அருமையான வேலை.

பறங்கியர் பைலா மாதிரி வேகத் தாளம் என்றால் அட்டாக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிராஸ் பிரீசெட்டுகள் பலவற்றில் அட்டாக் சற்று மெதுவாக இருக்கும். தாளத்துக்குப் பின்னால் இழுபடுவது போலக் கேட்கும். அதை இறக்குங்கள், ரிலீஸையும் குறையுங்கள்.

மேடையில் மாயமாகும் ஒலிகள்

ஹெட்போனில் காதைச் சுற்றிச் சுழன்ற ஒலி கோயில் வளவில் காணாமற் போவது ஏன் என்று பலர் கேட்பார்கள். நமது மேடை ஒலிபெருக்கிகளில் பெரும்பாலும் இடது, வலது இரண்டையும் ஒன்றாகக் கலந்துதான் விடுகிறார்கள். அகலத்துக்காக இரு பக்கமும் எதிரெதிராக வைத்த அலைகள் கலக்கும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மேடைக்குப் போகுமுன் ரெக்கோர்டிங் மென்பொருளில் மோனோ பொத்தானைப் போட்டுக் கேளுங்கள். ஒலி மெலிந்தால் யூனிசனின் அகலத்தையும் கோரஸையும் குறையுங்கள்.

பேஸ் பிரீசெட்டுகளுக்கு இன்னொரு சிக்கல். பல பிரீசெட்டுகளின் பலம் 40, 50 ஹேர்ட்ஸில் இருக்கிறது. கூம்பு ஒலிபெருக்கியும் கைத்தொலைபேசியும் அந்தத் தாழ்ந்த ஒலியைத் தரவே மாட்டா. சத்தத்தைக் கூட்டுவதால் பயனில்லை. ஒரு ஸ்தாயி மேலே இன்னொரு ஒஸ்சிலேட்டரை மெதுவாகச் சேர்த்தாலோ, ஒலியைக் கரகரப்பாக்குகிற டிஸ்டோர்ஷனைக் கொஞ்சம் போட்டாலோ மேல் அதிர்வுகள் கிடைக்கும். போனிலும் பேஸ் எங்கே போகிறது என்று காதுக்குப் புரியும்.

சேமிப்பு

ஒரு குமிழை மாற்றினாலும் புதுப் பெயரில் சேமியுங்கள். "பேட் – அம்மன் பாட்டு – ரிவேர்ப் இல்லை" என்று மூன்று மாதம் கழித்தும் விளங்குகிற பெயராக இருக்கட்டும். "புதுசு 2", "கடைசி கடைசி" என்று வைத்தால் பிறகு தேடி அலைய வேண்டும். கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, லப்டொப் பற்றரி பழசாக இருந்தால் வேலை நடுவிலேயே அடிக்கடி சேமிக்க விரல் பழக வேண்டும். சேமித்த ஒலிகளின் கோப்புறையைப் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பாட்டின் கோப்பைக் கல்முனையில் இருக்கிற நண்பருக்கு அனுப்பினால், அவரிடமும் அதே சின்த் இருந்தால்தான் ஒலி வரும். இல்லாவிட்டால் அந்த ட்ரக்கை ஓடியோவாக மாற்றி அனுப்புங்கள்.

பிரீசெட்டை வைத்துப் பாட்டுச் செய்து வெளியிடலாமா என்ற பயம் வேண்டாம். சின்த்தோடு வருகிற ஒலிகளை உங்கள் இசையில் பாவிக்கத்தான் தருகிறார்கள். அந்தப் பிரீசெட் கோப்புகளையே அடுக்கி உங்கள் பெயரில் விற்பதுதான் கூடாது. வெளியாரின் பெக் என்றால் அதனுடன் இருக்கிற உரிமக் குறிப்பை வாசியுங்கள்.

பூச்சியத்திலிருந்து எப்போது

கழற்றிப் பழகிய பிறகுதான். மெனுவில் பிரீசெட்டை வெறுமையாக்கும் தெரிவு ஒன்று இருக்கும். அதை அமத்தினால் ஒரே ஓர் அலை மட்டும் மிஞ்சும். ஏற்கனவே கழற்றிய ப்ளக்கை எடுத்து, அதைப் பார்க்காமல், இந்த வெறும் அலையிலிருந்து திரும்பக் கட்டுங்கள்: அலையின் வடிவம், என்வலப், ஃபில்டர், அசைவு, கடைசியில் எஃபெக்ட். கழற்றும்போது முதலில் நிறுத்திய எஃபெக்ட், கட்டும்போது கடைசியில் வரும். முட்டினால் மூலப் பிரீசெட்டைத் திறந்து எந்த இடத்தில் விலகிப் போனீர்கள் என்று ஒப்பிடுங்கள். ப்ளக் கைவந்தால் பேஸ், அப்புறம் லீட். பேட்டைக் கடைசிக்கு விடுங்கள், அதில்தான் அசைகிற பாகங்கள் அதிகம். டிஎக்ஸ்7 மாதிரி ஒலிகளைத் தருகிற டெக்செட் என்ற இலவசச் சின்த்தும் இருக்கிறது. ஆனால் அதில் ஒலி பிறக்கிற விதமே வேறு, இங்கே படித்த ஃபில்டர் வேலை அங்கே பிரதானம் இல்லை. ஆகவே வைட்டலோ சர்ஜோ கைக்குள் வந்த பிறகு அதைத் திறங்கள்.